உள்ளே இழுக்கிற ஓம்

நான் இருக்கிற நோர்வேயின் வடக்குக் கரையில் சனங்கள் ஆம் என்கிற ஓமைப் பாதி நேரம் வாயால் சொல்வதில்லை. மூச்சால் சொல்கிறார்கள். உதட்டைக் கொஞ்சம் குவித்து, தோளை ஒருக்கால் உயர்த்தி, முதுகில் யாரோ குளிர்தண்ணீர் ஊற்றிவிட்ட மாதிரி ‘ஹ்ஹப்’ என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். அவ்வளவுதான், ஓம் சொல்லியாகிவிட்டது. கடையில் பால் இருக்கிறதா என்று கேட்டால் இழுப்பார்கள். இன்றைக்கும் பனி கொட்டும்போல என்றால் இழுப்பார்கள். நான் மீன் பக்டரிக்கு முதன்முதல் வேலைக்குப் போன அன்று எனக்கு இது தெரியாது. எங்களுக்கு மேலாளாக நின்ற இங்கர் என்ற மனிசியிடம் ஒரு மீனைத் தூக்கிக் காட்டி, இப்படி வெட்டவா என்று கையால் கேட்டேன். அவள் இழுத்தாள். இந்தப் பெட்டியிலா போட வேண்டும் என்று கேட்டேன். திரும்பவும் இழுத்தாள். ஆஸ்துமா இழுப்பு வருத்தக்காரியை இந்தக் குளிருக்குள் நிற்பாட்டி வேலை வாங்குகிறார்களே, இவர்களுக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா என்று நினைத்து, மறுநாள் மல்லியும் இஞ்சியும் திப்பிலியும் போட்டு அவித்துப் பிளாஸ்கில் கொண்டுபோனேன். பாவம், மரியாதைக்கு முழுவதையும் குடித்தாள். முகம் இறால்போலச் சிவந்து கண்ணால் தண்ணீர் ஓடியது. சுகமாக இருக்கிறதா என்று கேட்டேன். முன்னையைவிடப் பலமாக இழுத்தாள். வருத்தம் கூடிவிட்டது என்று அடுத்த நாள் மிளகையும் சேர்த்தேன். என்னுடைய மனிசன் இந்தக் கதையைக் கேட்டுக் கதிரையிலிருந்து விழுந்து சிரித்த பிறகுதான் விசயம் விளங்கியது.

அந்தப் பழக்கம் பிறகு எனக்கும் ஒட்டிக்கொண்டது. இங்கே வந்து இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு நாட்டின் பாஷை நமக்கு வருமோ வராதோ, அதன் மூச்சு வந்துவிடும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நோர்வே எழுத்து இன்றைக்கும் எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரித்தான். ஆனால் ஓமை உள்ளே இழுப்பதில் இந்த ஊரில் பிறந்தவளுக்கு நான் குறைந்தவளில்லை. இந்த இழுவையைக் கொண்டுபோய் மன்னார்க் கரையில் நான் விட்டுவிட்டு வந்த கதையைத்தான் எழுதப்போகிறேன். பிள்ளை கதைக்கப் பிந்துகிறதே, பயப்படுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிற தாய்மார் கொஞ்சம் பொறுமையாக இருந்து வாசியுங்கோ. நான் எதையும் ஆறுதலாகச் சொல்கிறவள்.

சண்டை முடிந்து சனங்கள் திரும்பவும் ஊருக்குப் போகலாம் என்று விட்ட காலம் அது. நான் மன்னாரில் கீரி என்ற ஊரில் பிறந்தவள். என் தங்கச்சியின் மகள் ஜெனிற்றா முசலிப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தங்கச்சி கண்ணை மூடிவிட்டதால் அவளுக்குத் தாய் என்றால் பெரியம்மா நான்தான். அவளும் புருசன் அன்ரனும் ஓடாத இடமில்லை, இருக்காத முகாமில்லை. கடைசியில் சொந்த ஊருக்கு வந்தபோது வீடு நின்ற இடத்தில் நாயுருவிச் செடி நின்றதாம். கிணற்றைத் தோண்டித்தான் கண்டுபிடித்தார்களாம். நான் போனபோது வீட்டுத் திட்டத்துச் சுவர் நெஞ்சளவுக்கு எழும்பியிருந்தது. அதற்குப் பக்கத்தில் தகரக் கொட்டில். அதற்குள்தான் சமையல், படுக்கை, மாதா படம், அன்ரனின் வலை எல்லாம். என் மனிசனும் போய்ச் சேர்ந்து, பக்டரியும் என்னை ஓய்வு எடு என்று அனுப்பிவிட்டதால், பனிக்காலம் முடியும்வரை இங்கேதான் இருக்கப்போகிறேன் என்று பெட்டியை வைத்துவிட்டேன். ஜெனிற்றாவுக்குச் சந்தோசம். அன்ரனுக்கும் சந்தோசம்தான். ஆனால் நான் கொட்டிலுக்குள் நுழையும்போதெல்லாம் நிலையில் தலை இடிக்குமே என்று அவருக்கு ஒரே வெட்கம்.

அவர்களுடைய ஒரே பிள்ளை ஸ்ரெல்லா. இரண்டு வயது முடிந்து மூன்றை எட்டிப் பார்க்கிற வயது. கண் இரண்டும் கெண்டை மீன்தான். கரையில் சிப்பி பொறுக்குவாள், நாயோடு ஓடுவாள், மீன் உடைக்கும்போது பக்கத்தில் குந்தியிருந்து செவுளைப் பிடுங்கித் தருவாள். எல்லாம் செய்வாள், ஒரு சொல்லுக் கதைக்கமாட்டாள். அம்மா இல்லை, அப்பா இல்லை. வேண்டியதற்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுவாள். கிடைக்காவிட்டால் கத்துவாள். அந்தக் கத்தல் மட்டும் தலைமன்னார் வரைக்கும் கேட்கும்.

ஊரில் இதற்கு மருந்து சொல்லாதவர்கள் இல்லை. ஒருத்தி வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொன்னாள். ஒருத்தி தங்க மோதிரத்தைத் தேனில் தோய்த்து வைக்கச் சொன்னாள். முகாமில் பிறந்த பிள்ளை, பயத்தில் வாய் கட்டிப்போச்சு என்றாள் இன்னொருத்தி. தகப்பன் கதைக்காத மனுசன், பிள்ளை ஆரைப் பார்த்துக் கதைக்கும் என்று அன்ரனின் காதுபடவே சொன்னாள் மற்றவள். அன்ரன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

“எங்கட பரம்பரையே பிந்தித்தான் கதைக்கும். ஆறுதலா வரும்.”

இந்தப் பேச்சை நான் முதலிலும் கேட்டிருக்கிறேன். சொன்னதும் நான்தான். என்னுடைய கடைக்குட்டி பிரான்சிஸ் நோர்வேயில் வாய் திறக்காமல் இருந்தபோது இதையே நான் சொன்னேன். அங்கே ஹெல்சஸ்தஷூன் என்று ஓர் இடம் உண்டு. பிள்ளைகளை நிறுத்து, அளந்து, ஊசி போட்டு, தாயையும் நாலு கேள்வி கேட்டு அனுப்புவார்கள். கேட்கிற தாதிக்குப் பெயர் ஹெல்சசோஸ்தர். சோஸ்தர் என்றால் சகோதரி. நான் கன்னியாஸ்திரி என்று நினைத்து முதல்நாள் தோத்திரம் சொன்னேன், அவள் குழம்பிப்போய் என்னோடு கைகுலுக்கினாள். பிரான்சிஸைப் பார்த்துவிட்டு, வீட்டில் அவனோடு உங்கள் பாஷையிலேயே கதையுங்கள் என்றாள். என்னுடைய நோர்வே பாஷையை நக்கலடிக்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்காகவே அவளோடு இன்னும் அதிகமாக நோர்வே பாஷை கதைத்தேன். பாவம், அதைக் கேட்டுக்கொண்டிருந்ததற்கே அவளுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்திருக்க வேண்டும். பிறகுதான் விளங்கியது, இரண்டு பாஷை கேட்பதால் பிள்ளைக்குப் பழுதில்லை, தாய்க்கு வாய் நிறைய வருகிற பாஷையில் கதைத்தால் போதும் என்றுதான் அவள் சொன்னாள்.

அவள் கேட்ட கேள்விகளை நான் மறக்கவில்லை. கதைக்கிறானா என்று அவள் முதலில் கேட்கவேயில்லை. முதுகுப் பக்கமாக நின்று கூப்பிட்டால் திரும்புகிறானா? சுட்டிக் காட்டுகிறானா? ஒன்றைக் கண்டால் உங்களுக்குக் கொண்டுவந்து காட்டுகிறானா? கையால் காட்டாமல் வாயால் மட்டும் ‘சப்பாத்தை எடுத்து வா’ என்றால் எடுத்து வருகிறானா? முன்னர் சொன்ன சொல்லு ஏதும் இப்போது காணாமல் போயிருக்கிறதா? சொல்லு வந்துவிட்டுப் போனால் ஒருநாளும் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கொண்டு வா என்றாள். பிரான்சிஸ் எல்லாவற்றுக்கும் சரியாக நின்றான். அலுமாரிக்குள் நான் ஒளித்து வைத்த இனிப்புப் பேப்பரைச் சுரண்டினால்கூட மேல்வீட்டிலிருந்து இறங்கி வருவான். காதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பயப்படாதே, கதைத்துக்கொண்டே இரு என்று அனுப்பினாள். மூன்று வயதாகிக் கொஞ்ச நாளில் அவன் வாயைத் திறந்தான். இன்றுவரை மூடவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான், கதைப்பதற்குத்தான் சம்பளம்.

ஆகவே ஸ்ரெல்லாவைப் பார்த்து நான் முதலில் பெரிதாகப் பயப்படவில்லை. பிரான்சிஸைப் போல இதுவும் ஒரு கள்ளி, ஆறுதலாக வரும் என்றே நினைத்தேன். ஒரு காலை, பிள்ளைக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்த ஜெனிற்றா கோப்பையை வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

“பெரியம்மா, பிள்ளைக்கு இழுப்பு வந்திட்டுது! மூச்சு எடுக்கேலாமல் நிக்கிறாள்!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். பிள்ளை உதட்டைக் குவித்து, தோளை உயர்த்தி, ‘ஹ்ஹப்’ என்றது. கரையில் போட்ட மீன் வாயைத் திறக்கிற மாதிரி. கண்ணில் சிரிப்பு. எனக்கு விளங்கிவிட்டது. இன்னும் ஒரு அகப்பைக் கஞ்சியைக் காட்டி வேணுமோ என்று கேட்டேன். ‘ஹ்ஹப்.’ வெறும் அகப்பையைக் காட்டிக் கேட்டேன். தலையை ஆட்டி இல்லை என்றாள். சீனி? ‘ஹ்ஹப்’, இரண்டு தரம்.

“இது இழுப்பில்லையடி. பிள்ளை ஓம் சொல்லுறாள்.”

“என்ன பாஷையில பெரியம்மா?”

“நோர்வே பாஷையில.”

ஜெனிற்றா சிரித்ததில் கஞ்சிச் சட்டி கவிழ்ந்தது. அன்ரனுக்குச் சிரிப்பு வரவில்லை. “பெத்த தாய் தகப்பன்ர பாஷை வரேல்லை, கடலுக்கு அங்கால பாஷை வந்திருக்கு” என்றுவிட்டு வலையைத் தூக்கித் தோளில் போட்டார். ஆனால் வாசலில் நின்று ஒருக்கால் திரும்பிப் பார்த்து, பிள்ளையிடம் பிஸ்கற்றைக் காட்டிவிட்டுத்தான் போனார். பிள்ளையும் ஏமாற்றாமல் இழுத்துக் காட்டினாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று முழுவதும் வந்தவர் போனவருக்கெல்லாம் பிள்ளையை இழுக்க வைத்துக் காட்டினேன். பொழுதுபடுகிற நேரம் பிள்ளை சிப்பிகளை வரிசையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்பக்கம் நின்று, “ஸ்ரெல்லா, பிஸ்கற் வேணுமோ?” என்றேன். ஒன்றும் இல்லை. கொஞ்சம் உரக்கக் கேட்டேன். இல்லை. ஹெல்சசோஸ்தரின் முதல் கேள்வி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. சட்டி மூடியில் அகப்பையால் தட்டினேன். பிள்ளை இன்னொரு சிப்பியை எடுத்து வைத்தாள். ஓர் ஆண்டுக்கு மேலாகத் தாய் தகப்பன் காதுக்குள் சொன்ன அம்மா அப்பாவை விட்டுவிட்டு, நான் வந்த கொஞ்ச நாளில் இந்த இழுவையை அவள் பிடித்துக்கொண்டது ஏன் என்று அப்போதுதான் யோசித்தேன். அது கண்ணால் பார்க்கிற சொல்லு. உதடு குவிகிறது, தோள் எழும்புகிறது. அதைப் பிடிக்கக் காது தேவையில்லை.

அன்ரனிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“விசர்க்கதை கதையாதேங்கோ மாமி. என்ர வள்ளத்து இஞ்சின் சத்தம் கேட்ட உடன கரைக்கு ஓடி வாறாள். செவிட்டுப் பிள்ளை ஓடி வருமோ?”

அது உண்மைதான், ஓடுவாள். நான் கதிரையைப் போட்டுக்கொண்டு கவனித்தேன். வள்ளம் தூரத்தில் வரும்போது அவர்களுடைய நாய் ரொமி காதை நிமிர்த்தி எழும்பும். ரொமி ஓடும். ரொமியைக் கண்டு பிள்ளை ஓடுவாள். ஒருநாள் நாயைப் பின்பக்கம் பூவரசில் கட்டிப்போட்டேன். வள்ளம் வந்து, அன்ரன் இறங்கி, வலையையும் இழுத்துப்போட்ட பிறகும் பிள்ளை சிப்பியோடு இருந்தாள். அன்ரன் முற்றத்தில் வந்து நின்று பிள்ளையைப் பார்த்தார், பூவரசடியில் குரைத்துக்கொண்டிருந்த நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றவுடன் முகம் கறுத்தது.

“பதிஞ்சு பதிஞ்சு களைச்சுப்போனன் மாமி. ஆமி பதிஞ்சது, முகாமில பதிஞ்சது, அரசாங்கக் கந்தோரில பதிஞ்சது, கடலுக்குப் போறதுக்கும் பதிஞ்சது. என்ர பிள்ளையைச் செவிடெண்டு இன்னொருத்தன் பதிய நான் விடமாட்டன். ஒருக்காப் பதிஞ்சா அதுதான் பேர்.”

அவர் சும்மா சொல்லவில்லை. அவருக்கு ஒரு தம்பி இருந்தவன். பிறவியிலேயே காது கேட்காது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது, ஊருக்கெல்லாம் அவன் ஊமையன். ஷெல் வருகிற சத்தத்துக்கு எல்லோரும் குப்புற விழுந்தபோது நின்றுகொண்டிருந்த பிள்ளை அவன். அதற்கு மேல் அன்ரன் அதைப்பற்றிக் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. ஜெனிற்றா அழுதாள், அவரோடு கதைக்காமல் இருந்து பார்த்தாள். அவர் கடைசியில் இறங்கி வந்தது இவ்வளவுக்குத்தான்: அந்தோனியாருக்குப் பிள்ளையை விற்று வாங்குவோம். நாக்கு அழியாத புனிதர் அவர், கதை கொடுப்பார்.

வெளியூர்க்காரருக்கு இது என்னவென்று சொல்லவேண்டும். எங்கள் கரையில், பிள்ளை தங்காவிட்டால், நோஞ்சலாக இருந்தால், கதை வராவிட்டால், கோவிலுக்குக் கொண்டுபோய்ப் புனிதருக்கு விற்றுவிடுவார்கள். பிறகு தாய் தகப்பன் அல்லாத வேறு ஒருவர் ஒரு சுண்டுப் பேணி உப்போ தவிடோ கொடுத்து அந்தப் பிள்ளையைப் புனிதரிடமிருந்து வாங்குவார். வாங்கியவர் உடனே தாயின் கையில் பிள்ளையைக் கொடுத்து, “என்ர பிள்ளையை நீங்கள் வளருங்கோ” என்று சொல்லவேண்டும். அத்தோடு பிடித்த பீடை விட்டது என்று கணக்கு. நான் அன்ரனைப் பார்த்துச் சொன்னேன்: “நல்ல யோசினை மருமகன். நானே வாங்கிறன்.”

செவ்வாய்க்கிழமைச் செபம் முடிந்தபிறகு பிள்ளையைப் பீடத்துப் படியில் இருத்தினார்கள். கோவில் மூப்பர் கனைத்துக்கொண்டு, “அந்தோனியாருக்கு வித்த பிள்ளை. ஆர் வாங்கிறது?” என்றார். ரொமியும் படியில் ஏறப் பார்த்தது, துரத்தினார்கள். நான் உப்புச் சுண்டை மூப்பரின் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். எல்லோரும் நான் சொல்லப்போகிற சொல்லுக்குப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் கோவில் வாசலைப் பார்த்து நடந்தேன்.

“மாமி, பிள்ளையைக் குடுக்க மறந்திட்டியள்” என்றார் அன்ரன்.

“மறக்கேல்லை.”

“அப்ப தாங்கோ.”

“எந்தப் பிள்ளையை?”

“என்ர பிள்ளையை!”

“உங்கட பிள்ளையை நீங்கள் வித்துப்போட்டீங்கள் மருமகன். இது நான் வாங்கின பிள்ளை. உப்பு மூப்பரிட்டக் கிடக்கு. ஞாயம் வேணுமெண்டா அந்தோனியாரிட்டக் கேளுங்கோ, அவர்தான் வித்தவர்.”

மூப்பர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். “முறைப்படி பாத்தா அன்ரன், திருப்பித் தாற வரைக்கும் பிள்ளை அவவின்ரதான். நான் உதுக்குள்ள தலைபோடேலாது.” சனம் சிரித்தது. ஜெனிற்றா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். “நாளைக்கு விடிய முதல் பஸ்சுக்கு என்ர பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன். வளக்கிற தாயும் வரலாம். வித்த தகப்பன் விரும்பினா வரலாம்” என்றேன். அன்ரன் கரைப்பக்கம் போய்விட்டார். அவர் விடியற்காலையில் வந்து பிள்ளையைப் பறித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஆனால் அந்தோனியார் விற்ற பிள்ளையைப் பறிக்கிற மனுசன் அவரில்லை. அந்த விசுவாசத்தில்தான் நானும் தொங்கிக்கொண்டிருந்தேன்.

மன்னார் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டொக்ரர் ஒரு சிங்களப் பொடியன். அரைத் தமிழ், முழுச் சிரிப்பு. பிள்ளையை மடியில் வைத்திருந்த என்னிடம் கேட்டார்:

“அம்மா, பிள்ளை கூப்பிட்டா பாக்காதுதானே?”

நான் இழுத்தேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “எவ்வளவு நாள் இப்பிடி?”

“கொஞ்ச நாளா. நான் வந்தபிறகுதான் கவனிச்சது.”

“இரவுல கூட இருக்கா?”

பிள்ளைக்கு இரவில் என்ன பகலில் என்ன என்று நினைத்துக்கொண்டு திரும்பவும் இழுத்தேன். எழும்பி வந்து குழாயை என் முதுகில் வைத்தார். மூச்சை எடுக்கச் சொன்னார், விடச் சொன்னார். பிறகு நேர்சைக் கூப்பிட்டு, “இந்த அம்மாவுக்கு முதல்ல ஆவி பிடிக்கிற மாஸ்க் போடுங்க” என்றார். ஜெனிற்றா சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். என் மடியில் இருந்த ஸ்ரெல்லா டொக்ரரின் முகத்தைப் பார்த்து, தன் பங்குக்கு ஒரு நல்ல இழுவை இழுத்தாள். அந்த மனுசன் திகைத்துப்போய், “பிள்ளைக்கும் இருக்கா!” என்றார். எனக்கு இங்கரின் நினைவு வந்தது. நல்லகாலம், இவர் எனக்குத் திப்பிலி அவித்துத் தரவில்லை.

ஒருமாதிரி எல்லாவற்றையும் விளங்கப்படுத்திய பிறகு, டொக்ரர் கண்ணீர் வரச் சிரித்து, கண்ணைத் துடைத்து, வெளிச்சம் போட்டுப் பிள்ளையின் காதைப் பார்த்தார். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு நின்றது. அப்போதுதான் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. அன்ரன். மோட்டார்சைக்கிளில் பின்னால் வந்திருக்கிறார். சேட்டில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செவிப்பறைக்குப் பின்னால் பசைபோலத் தண்ணீர் கட்டியிருக்கிறது, இரண்டு காதிலும், என்றார் டொக்ரர். தண்ணீருக்குள் தலையை அமுக்கிக்கொண்டு வெளியில் கதைக்கிறதைக் கேட்கிற மாதிரித்தான் இவ்வளவு நாளும் பிள்ளைக்குக் கேட்டிருக்கும். யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறேன், அங்கே முறையாகச் சோதித்துப் பார்ப்பார்கள், தானாக வற்றாவிட்டால் ஒரு சின்னக் குழாய் வைத்து எடுத்துவிடலாம். கதை வரும், ஆனால் மற்றப் பிள்ளைகள் முன்னுக்குப் போய்விட்டார்கள், நீங்கள் இருந்து படிப்பிக்க வேண்டும் என்றார். அன்ரன் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“அப்ப... சின்னனில பாத்தா எல்லாருக்கும் உது மாத்தலாமோ டொக்ரர்?”

டொக்ரருக்கு அவர் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று தெரியாது. “எல்லாருக்கும் இல்ல. ஒவ்வொரு காது ஒவ்வொரு மாதிரி. பார்த்தாத்தான் தெரியும்” என்றார். அன்ரன் தலையை ஆட்டினார். பிறகு உள்ளே வந்து, என் மடியிலிருந்து பிள்ளையை வாங்காமல், பக்கத்து வாங்குப் பலகையில் இருந்து அவளுடைய காலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “பதிஞ்சவையோ மாமி?” “பதிஞ்சவை. ஸ்ரெல்லா எண்டுதான் பதிஞ்சவை” என்றேன்.

யாழ்ப்பாணத்துக்குப் போய், சோதித்து, மருந்து கொடுத்துப் பார்த்து, அது சரிவராமல் குழாய் வைத்துக்கொண்டு திரும்பி வருகிற வழியில் பஸ் ஹோர்ன் அடித்தது. பிள்ளை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டு அழுதாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு பிள்ளை அழுவதற்குத் தாய் தகப்பன் இவ்வளவு சந்தோசப்பட்டதை அந்தச் சனம் முன்னர் கண்டிருக்காது. பிறகு கொஞ்ச நாள் அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம். காகத்துக்குப் பயம், கோவில் மணிக்குப் பயம், தகரத்தில் மழை விழுந்த அன்று என் சேலைக்குள் புகுந்துவிட்டாள். கதை உடனே வந்து கொட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பழக்குகிற பெண் ஒருத்தி சொல்லித் தந்தபடி, பிள்ளை கேட்க முதல் எடுத்துக் கொடுக்காமல், முகத்துக்கு நேரே குந்தியிருந்து, செய்கிற வேலையை எல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே செய்தோம். கதைக்காத மனுசன் என்று பெயரெடுத்த அன்ரன் கிழிந்த வலை பொத்தும்போது, “இது கண்ணி, இது நூல், இது மணி, இது நண்டு கடிச்ச ஓட்டை” என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்க அடுத்த வளவுச் சனம் வேலிக்கு வந்தது.

முதல் சொல்லு யாருடையது என்று புருசனுக்கும் பெண்சாதிக்கும் பந்தயம். அம்மாவா, அப்பாவா? ஒரு மத்தியானம் வள்ளங்கள் வருகிற நேரம். பிள்ளை சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தூரத்தில் இஞ்சின் சத்தம். நாய் வெயிலுக்குப் பூவரசடியில் நித்திரை. பிள்ளை தலையை நிமிர்த்தினாள். எழும்பிப் போய் நாயின் காதைப் பிடித்து இழுத்து, “ஒமி! ஒமி!” என்று எழுப்பினாள். இவ்வளவு நாளும் தனக்குக் காதாக நின்ற நாய்க்கு, வள்ளம் வருகிறது என்று பிள்ளை சொன்னாள். ஜெனிற்றாவுக்குக் கோபம். “சுமந்து பெத்தது நான், வித்தது அவர், வாங்கினது நீங்கள். பேர் நாய்க்கு!” அன்ரன் கரையிலிருந்து ஓடி வந்து விசயத்தைக் கேட்டுவிட்டு, அன்று பிடித்ததில் நல்ல பாரை ஒன்றை எடுத்து முழுசாக ரொமிக்குப் போட்டார்.

நான் நோர்வேக்கு வெளிக்கிடுகிற நாள் வந்தது. பெட்டி வான் வண்டியில் ஏறிவிட்டது. ஜெனிற்றா பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

“பெரியம்மா, கோவில்ல சொல்லாமல் விட்ட அந்தச் சொல்லைச் சொல்லிக் குடுத்திட்டுப் போங்கோ. இனியாவது எங்கட பிள்ளையாகட்டும்.”

நான் பிள்ளையைக் கொஞ்சினேன், தாயின் கையில் கொடுத்தேன். சொல்லைச் சொல்லவில்லை. “வந்து சொல்லுறன்” என்றேன்.

“அப்ப வருவியள்தானே மாமி?” என்று அன்ரன் கேட்டார். நான் இழுத்தேன். அந்த வீட்டில் இப்போது அதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

இங்கே திரும்பி வந்தபோது பனி உருகிக்கொண்டிருந்தது. இப்போது மறுபடியும் கொட்டத் தொடங்கிவிட்டது. மத்தியானமே இருட்டிவிடுகிறது. பக்கத்து வீட்டு மனிசியைப் படியில் கண்டு குளிர் கூடிவிட்டது என்று சொன்னால் அவள் ஓமை உள்ளே இழுக்கிறாள், நானும் இழுக்கிறேன், ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெனிற்றா படத்தோடு கதைக்கிற போனில் கூப்பிடுவாள். அவள் எங்கே கதைக்கிறாள்? ஸ்ரெல்லா விட்டால்தானே. வீட்டுக்குக் கூரை போட்டது, ரொமி குட்டி போட்டது, அப்பா நேற்று வலையைக் கிழித்தது, எல்லாம் ஒரே மூச்சில் வருகிறது. எதைக் கேட்டாலும் “ஓம்! ஓம்!” என்று வாய் நிறையச் சொல்கிறாள். பின்னால் கடல் இரைகிற சத்தமும் சேர்ந்து வருகிறது. போன கிழமை நான் அவளிடம் கேட்டேன், “நான் அங்க வரவோ?” என்று. பிள்ளை கதையை நிற்பாட்டினாள். போனுக்குக் கிட்ட வந்தாள். திரை முழுக்க முகம். உதட்டைக் குவித்து, தோளை உயர்த்தி, ‘ஹ்ஹப்’ என்று இழுத்தாள். மன்னார்க் கரையின் அத்தனை காற்றையும் உள்ளே எடுத்துக்கொண்ட மாதிரி. யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, ஆளில்லாத குசினிக்குள் நின்று நான் உரத்த குரலில் “ஓம்” என்றேன்.